என் மேசைக் கணினியில் டிஎன்எஸ் மாற்றிய அனுபவம்

கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துத் தருவது என் தொழில். விண்டோஸ் 11 உள்ள ஒரு மேசைக் கணினியும் அதிலிருந்து ரௌட்டருக்குச் செல்லும் லேன் கேபிளும் இல்லாமல் எனக்கு ஒரு நாள் வேலையும் நகராது. 2025 மே மாத இறுதியில் ஒரு மாலை, என் அக்கா மகள் அந்தக் கணினியில் அமர்ந்து பொறியியல் கலந்தாய்வுக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். சான்றிதழ்களைப் பதிவேற்ற வேண்டிய நேரத்தில் தளம் திறக்க மறுத்தது. வேறு தளங்களை முயன்றோம், அவையும் திறக்கவில்லை. ரௌட்டரின் விளக்குகள் எல்லாம் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தன.

அன்று ஒரு விஷயம் என் கண்முன் நடந்தும் நான் அதன் பொருளை உணரவில்லை. ஓர் அச்சகத்துக்கு எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறையில் ஏறத்தாழ 300 எம்பி அளவுள்ள கோப்பை அனுப்பிக்கொண்டிருந்தேன். எந்தத் தளமும் திறக்காத அதே வேளையில் அந்தக் கோப்பு மட்டும் தடையின்றி ஏறி முடிந்தது. இணைப்பே அறுந்திருந்தால் அதுவும் நின்றிருக்க வேண்டும். ஏற்கெனவே தொடங்கிவிட்ட இணைப்புக்கு எதிர்முனையின் எண், அதாவது ஐபி முகவரி, தெரிந்திருந்தது; புதிதாகத் திறக்க முயன்ற தளங்களின் பெயருக்குரிய எண்ணைக் கண்டுபிடித்துச் சொல்லும் டிஎன்எஸ் வேலைக்குத்தான் ஆளில்லை. உலாவியும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது: சர்வரின் ஐபி முகவரியைக் கண்டறிய முடியவில்லை என்று. அந்த வரியை நிதானமாகப் படிக்காமல் ரௌட்டரை மூன்று முறை அணைத்து ஏற்றியதில் நாற்பது நிமிடங்கள் போயின.

கணினி பழுதுபார்க்கும் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கும் நண்பரை அழைத்தேன். "அண்ணே, ரௌட்டரை விடுங்க, முதல்ல ரெண்டு பிங் போட்டுப் பாருங்க" என்றார். பிங் என்பது மறுமுனையில் உள்ள கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை. கட்டளைகளைத் தட்டும் திரையான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பிங் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கூகுளின் சர்வருக்குரிய 8.8.8.8 என்ற எண்ணைக் கொடுத்தேன். நான்கு பதில்களும் உடனே வந்தன. அடுத்து எண்ணுக்குப் பதிலாக ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தேன். அந்தப் பெயரில் எதையும் காண முடியவில்லை என்று வந்தது. எண் போகிறது, பெயர் போகவில்லை. இப்படி அமைந்தால் பழுது டிஎன்எஸ் பக்கம் என்று கொள்ளலாம். எண்ணும் போகவில்லை என்றாலோ, கணினியின் சொந்த ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினாலோ, டிஎன்எஸ்ஸைத் தொடுவதில் பயனில்லை. கணினிக்கு ரௌட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். எந்த மாற்றத்தையும் செய்வதற்கு முன் இந்த இரண்டு பிங் சோதனைகளையும் செய்யுமாறு இப்போது என்னிடம் கேட்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்.

பெயர் எப்படி எண்ணாகிறது என்பதை ஓரளவு அறிந்துகொண்டால்தான் எதை மாற்றுகிறோம் என்பது விளங்கும். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. கணினிகள் பெருகப் பெருக அந்த ஒற்றைக் கோப்பு தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ், பொறுப்பைப் பல இடங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் டொமைன் நேம் சிஸ்டத்தை வடிவமைத்தார். இன்று நாம் ஒரு பெயரைத் தட்டினால், நம் கணினி அதைத் தனக்குச் சொல்லப்பட்ட டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கிறது; அந்த சர்வர் தன் நினைவில் விடை இல்லாவிட்டால் மூல சர்வர்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாக விசாரித்து எண்ணைக் கொண்டுவந்து தருகிறது. நாம் மாற்றுவது, யாரிடம் கேட்பது என்ற அந்த முதல் இடத்தை மட்டுமே. பழைய ஒற்றைக் கோப்பின் வாரிசு ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் இன்றும் ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் இருக்கிறது. அதில் ஒரு பெயருக்கு எண் எழுதப்பட்டிருந்தால், டிஎன்எஸ்ஸை எத்தனை முறை மாற்றினாலும் அந்தப் பெயருக்கு அந்தக் கோப்பின் எண்ணே செல்லும்.

நண்பர் அடுத்துச் சொன்னதை அன்று அவசரத்தில் அரைமனதாகத்தான் செய்தேன். பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. மாற்றுவதற்கு முன் இப்போது இருப்பதைத் தாளில் எழுதிவைக்கச் சொன்னார். ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையோடு இடைவெளி விட்டு, சாய்கோடும் ஆல் என்ற சொல்லும் சேர்த்துத் தட்டினால் முழு விவரமும் வரும். என் கணினியில் டிஎன்எஸ் சர்வர் என்ற வரியில் இரண்டு முகவரிகள் இருந்தன. ஒன்று எழுத்துகளும் எண்களும் கலந்த, ஐபிவி6 என்ற புதிய வகை நீண்ட முகவரி. இன்னொன்று ஐபிவி4 என்ற பழைய வகையிலான 192.168.1.1, அதாவது ரௌட்டர். ரௌட்டர் தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. கேள்வியை வாங்கி இணையச் சேவை தரும் நிறுவனத்தின் சர்வருக்குத் தள்ளிவிடுகிறது. அன்று விழுந்திருந்தது அந்தப் பின்னால் இருக்கும் சர்வர். நான் 192.168.1.1 என்பதை மட்டும் எழுதிக்கொண்டு நீண்ட முகவரியை விட்டுவிட்டேன்.

மாற்றும் வழி எளியதுதான். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் ஈதர்நெட் (லேன் கேபிள் இணைப்பு), அங்கே டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட் என்ற வரிக்கு எதிரே எடிட். தானியங்கி என்றிருப்பதை மேனுவல் ஆக்கி, ஐபிவி4 பொத்தானை இயக்கி, முதல் இடத்தில் 8.8.8.8, இரண்டாவது இடத்தில் 8.8.4.4 என்று கொடுத்துச் சேமித்தேன். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். அதன் செட்டிங்ஸில் மேனுவல் என்று மாற்றினால் டிஎன்எஸ்ஸோடு கணினியின் ஐபி முகவரி, கேட்வே (ரௌட்டரின் முகவரி) ஆகியவற்றையும் கையால் நிரப்பச் சொல்லும். சப்நெட் பிரிஃபிக்ஸ் என்ற கட்டத்தில் வழக்கமான 255.255.255.0 என்பதைக் கொடுத்தால் ஏற்காது, 24 என்றுதான் கொடுக்க வேண்டும். அவர்களுக்குப் பழைய கண்ட்ரோல் பேனல் வழியே நல்லது. அங்கே அடாப்டரின் பிராப்பர்ட்டீஸில் ஐபிவி4 வரியைத் திறந்தால் ஐபி முகவரியைத் தானியங்கியாகவே விட்டுவிட்டு டிஎன்எஸ்ஸை மட்டும் மாற்ற முடியும்.

சேமித்த பிறகு தளங்கள் திறந்தன. ஆனால் ஒவ்வொன்றும் சில வினாடிகள் தயங்கித் தயங்கித்தான் திறந்தது. அக்கா மகளின் சான்றிதழ்கள் ஒருவழியாக ஏறிவிட்டன. அவள் முகம் தெளிந்ததைப் பார்த்த நிம்மதியில் எழுந்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் மாற்றம் முழுமையாக நடந்திருந்தால் இந்தத் தயக்கம் ஏன் வருகிறது என்ற கேள்வி விடவில்லை. என்எஸ்லுக்கப் என்ற கட்டளையைத் தட்டினேன். அது, எந்த சர்வரிடம் கேட்கிறது என்பதை முதல் வரியிலேயே காட்டும். அங்கே 8.8.8.8 இல்லை. நான் எழுதாமல் விட்ட அந்த நீண்ட ஐபிவி6 முகவரி இருந்தது. அதனிடமிருந்து பதில் வராமல் காலம் கடந்துவிட்டது என்ற செய்தியும் இருந்தது. கணினி ஒவ்வொரு முறையும் முதலில் விழுந்துகிடக்கும் சர்வரிடம் கேட்டு, காத்திருந்து, பிறகே நான் கொடுத்த எண்ணுக்கு வந்திருக்கிறது. ஐபிவி4இல் மட்டும் மாற்றிவிட்டு ஐபிவி6ஐ மறந்துவிடுவது மிகப் பரவலான தவறு என்று நண்பர் சொன்னார். அதே பெட்டியில் கீழே இருந்த ஐபிவி6 பொத்தானையும் இயக்கி, 2001:4860:4860::8888 என்பதைக் கொடுத்தேன். பிறகு ஐபிகான்ஃபிக் கட்டளையோடு சாய்கோடு சேர்த்து ஃபிளஷ்டிஎன்எஸ் என்று கொடுத்துப் பழைய விடைகளைக் கணினியின் நினைவிலிருந்து நீக்கினேன். அதன் பிறகு தயக்கம் இல்லை. இணையச் சேவை நிறுவனம் ஐபிவி6 தராத வீடுகளில் இந்த இரண்டாவது வேலைக்குத் தேவையிருக்காது. தருகிறதா இல்லையா என்பதையும் முன்பு சொன்ன முழு விவரக் கட்டளையே காட்டிவிடும்.

எந்த எண்ணைப் போடுவது என்று பலரும் கேட்கிறார்கள். 8.8.8.8 என்பது கூகுள் 2009 டிசம்பரில் தொடங்கிய பொது டிஎன்எஸ். 1.1.1.1 என்பது கிளவுட்ஃப்ளேர் 2018 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. 9.9.9.9 என்பது குவாட்9. தீங்கு விளைவிப்பவை என்று அறியப்பட்ட பெயர்களுக்கு அது விடை தருவதில்லை. சிறுவர் உள்ள வீடுகளுக்காக கிளவுட்ஃப்ளேர் 2020இல் 1.1.1.3 என்ற எண்ணைத் தந்தது. அது தீய மென்பொருள் தளங்களோடு வயதுவந்தோருக்கான தளங்களையும் தடுக்கும். இவற்றை நான் ஒரு புதிய விஷயமாகச் சொல்லவில்லை. இந்த எண்களை அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இணைய வேகம் கூடும் என்று யாரோ சொன்ன எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீய மென்பொருளின் கதையே சான்று. அது ஏறத்தாழ 40 லட்சம் கணினிகளில் டிஎன்எஸ் அமைப்பைத் திருட்டுத்தனமாக மாற்றி, பயனர்களை, அதைப் பரப்பிய கும்பலுக்கு வருமானம் தரும் பக்கங்களுக்குத் திருப்பியது. 2011 நவம்பரில் அமெரிக்க எஃப்பிஐ அந்தக் கும்பலின் மீது நடவடிக்கை எடுத்தபோது, கும்பலின் டிஎன்எஸ் சர்வர்களை உடனே நிறுத்தினால் அத்தனை பேரின் இணையமும் நின்றுவிடும் என்ற நிலை. எனவே நீதிமன்ற ஆணையுடன் நேர்மையான மாற்று சர்வர்களை வைத்து நடத்தி, 2012 ஜூலை 9 அன்றுதான் அவற்றை நிறுத்தினார்கள். யார் உங்கள் பெயர்க்கேள்விகளுக்கு விடை சொல்கிறாரோ, அவர் உங்களை எந்த வாசலுக்கும் அனுப்பிவைக்க முடியும். வங்கித் தளங்கள் பாதுகாப்புச் சான்றிதழ்களால் பெருமளவு காக்கப்படுகின்றன என்றாலும், அந்தக் காவல் ஒன்றையே நம்பி அடுத்தவர் கொடுத்த எண்ணை ஏற்பது தவறு.

வேகத்தைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். டிஎன்எஸ்ஸை மாற்றுவதால் பதிவிறக்க வேகம் கூடுவதில்லை. பெயருக்கான எண் எவ்வளவு விரைவில் கிடைக்கிறது என்பது மட்டுமே மாறும். சில வேளைகளில் எதிர்விளைவும் உண்டு. பெரிய காணொளித் தளங்களுக்கு, கேள்வி எந்த டிஎன்எஸ் சர்வரிலிருந்து வருகிறது என்பதைப் பார்த்து, காணொளிகளின் நகல்களை வைத்திருக்கும் கிடங்குகளில் அதற்கு அருகிலுள்ளதைக் காட்டும் வழக்கம் உண்டு. உள்ளூர் நிறுவனத்தின் சர்வர் ஒழுங்காக இயங்கும்போது அதுவே உங்களுக்கு மிக அருகிலுள்ள கிடங்கைக் காட்டக்கூடும். எனவே பழுதில்லாத இடத்தில் மாற்றச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. அந்தரங்கத்துக்காக மாற்றுபவர்களும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். சாதாரண டிஎன்எஸ் கேள்விகள் மறைகுறியாக்கம் இல்லாமல் செல்பவை. எண்ணை மாற்றினாலும் வழியில் இருக்கும் இணையச் சேவை நிறுவனம் அவற்றைப் படிக்க முடியும். விண்டோஸ் 11இல் அதே பெட்டியில் டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ் என்ற தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் கேள்விகள் மறைவாகச் செல்லும். அப்போதும் விடை சொல்லும் நிறுவனம் அவற்றைப் பார்க்கத்தான் செய்யும். நம்பிக்கையை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுகிறோம் என்ற தெளிவோடு செய்தால் போதும்.

ஜூன் மாதம் அக்காவின் இளைய மகன் விடுமுறை முடியும் வரை எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். அவன் என் கணினியைப் பயன்படுத்துவான் என்பதால் 1.1.1.3, 1.0.0.3 ஆகிய எண்களையும் அவற்றுக்குரிய ஐபிவி6 முகவரிகளையும் கொடுத்து, என்எஸ்லுக்கப்பில் சரிபார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் தடுக்கப்பட வேண்டிய தளம் திறந்தது. காரணம், அந்த உலாவியின் பாதுகாப்புப் பகுதியில் டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ்ஸை நானே ஒருமுறை இயக்கிவைத்திருந்தேன். அப்படி இயக்கினால் உலாவி, கணினியின் அமைப்பைக் கேட்காமல் தான் தேர்ந்த சர்வரிடம் நேரடியாகக் கேட்டுக்கொள்ளும். குரோமிலும் செக்யூர் டிஎன்எஸ் என்ற பெயரில் இதே தேர்வு உண்டு. பிள்ளைகளின் பாதுகாப்புக்காக டிஎன்எஸ்ஸை மாற்றுபவர்கள் கணினியில் உள்ள ஒவ்வோர் உலாவியிலும் இந்த இடத்தைப் பார்க்காமல் வேலை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. இன்னொன்று: ஈதர்நெட்டுக்குக் கொடுத்த எண் வைஃபைக்குச் செல்லாது. என் கணினியில் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றும் செருகியிருந்தது. லேன் கேபிளைக் கழற்றினால் பழைய டிஎன்எஸ் வழியாகவே எல்லாம் ஓடும் என்பதைச் சோதித்தபோதுதான் கண்டேன்.

முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் உள்ள உறவை ஜூலையில் புரிந்துகொண்டேன். 2025 ஜூலை 14 அன்று, நம் நேரப்படி 15ஆம் தேதி அதிகாலையில், கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 சேவை ஏறத்தாழ ஒரு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்குக் கிடைக்கவில்லை. தாக்குதல் எதுவுமில்லை, தங்கள் உள்ளமைப்பில் நேர்ந்த பிழையே காரணம் என்று அந்நிறுவனமே விளக்கம் வெளியிட்டது. 1.1.1.1உம் 1.0.0.1உம் சேர்ந்தே விழுந்தன. முதன்மையும் மாற்றும் ஒரே நிறுவனத்தின் எண்களாக இருந்தால் இப்படி நேரும் என்பதை அதைப் படித்தபோது உணர்ந்தேன். பையனும் ஊருக்குத் திரும்பிவிட்டதால், முதலில் 8.8.8.8, இரண்டாவதாக 9.9.9.9 என்று இரு வேறு நிறுவனங்களின் எண்களைப் போட்டேன். தடுப்பு வேண்டும் என்று விரும்பும் வீடுகளுக்கு இந்தக் கலவை பொருந்தாது. தடுக்கும் சர்வரையும் தடுக்காத சர்வரையும் அடுத்தடுத்து வைத்தால், முதலாவது சற்றுத் தாமதித்தாலே கேள்வி தடுக்காத சர்வருக்குப் போய்விடும்.

இதன் பிறகு டிஎன்எஸ்ஸை நான் மறந்தே போனேன். டிசம்பரில், சென்னைப் புத்தகக் காட்சிக்கு முன்பான அவசர வேலைக்காக ஒரு பதிப்பகம் இரண்டு வாரம் தங்கள் அலுவலகத்திலேயே இருந்து செய்து தருமாறு கேட்டது. எழுத்துருக்களும் மென்பொருள்களும் என் கணினியில் இருப்பதால் அதையே எடுத்துச் சென்று அவர்களின் லேன் கேபிளில் இணைத்தேன். இணையம் உடனே வந்தது. ஆனால் கோப்புகள் எல்லாம் இருக்கும் அவர்களுடைய உள் சர்வரை மட்டும் என் கணினியால் காண முடியவில்லை. அருகிலிருந்த மற்ற எல்லாக் கணினிகளும் அதைப் பெயர் சொன்னவுடன் திறந்தன. அலுவலகத்தின் கணினிப் பொறுப்பாளர் கேபிளை மாற்றினார், அனுமதிகளைச் சரிபார்த்தார், என் பெயரில் புதிய கணக்கே உருவாக்கித் தந்தார். அரை நாள் கழிந்தது. சர்வரின் ஐபி எண்ணைக் கேட்டு அதற்கு பிங் கொடுத்தபோது பதில் வந்தது, பெயருக்கு வரவில்லை. மே மாத மாலை அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த சர்வரின் பெயர் அலுவலகத்துக்குள் மட்டும் செல்லுபடியாவது; அதை அறிந்தது அலுவலகத்தின் சொந்த டிஎன்எஸ் மட்டுமே. என் கணினியோ கையால் போட்ட எண்ணின்படி, வெளியுலகில் இருக்கும் 8.8.8.8இடம் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. அலுவலக டிஎன்எஸ்ஸை இரண்டாவது எண்ணாகச் சேர்த்தால் போதும் என்று எண்ணி முதலில் அப்படிச் செய்தேன், பயனில்லை. முதல் சர்வரிடமிருந்து பதிலே வராவிட்டால்தான் கணினி அடுத்த சர்வரை நாடும். அப்படி ஒரு பெயரே இல்லை என்பதும் முறையான ஒரு பதில்தான். அது கிடைத்துவிட்டால் கணினி அத்தோடு நிறுத்திக்கொள்ளும். எனவே உள் பெயர்கள் புழங்கும் அலுவலகங்களில் வெளி டிஎன்எஸ்ஸைக் கலக்கவே கூடாது. வெளிப் பெயர்களையும் அந்த அலுவலக சர்வரே விசாரித்துத் தந்துவிடும்.

எடிட் பெட்டியைத் திறந்து மேனுவல் என்பதை மீண்டும் தானியங்கிக்கு மாற்றினேன். நினைவைத் துடைக்கும் கட்டளையையும் மறக்காமல் கொடுத்தேன். இல்லை என்று வந்த பழைய விடையும் சிறிது நேரம் கணினியின் நினைவில் தங்கும் என்பதால் அது தேவை. அடுத்த நிமிடம் கோப்புறைகள் திறந்தன. பொறுப்பாளரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையுடன், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் தன் கணினியைக் காட்டி இன்னொரு செய்தியையும் சொல்லித் தந்தார். அங்கே டிஎன்எஸ் எண் இருக்கும் ரிசால்வ் என்ற கோப்பில் 127.0.0.53 என்ற எண்தான் தெரியும். அது கணினிக்குள்ளேயே இருக்கும் இடைநிலைச் சேவை. அந்தக் கோப்பில் நேரடியாக எழுதினால் மறுமுறை கணினியை இயக்கும்போது அழிந்துபோகும். நெட்வொர்க் செட்டிங்ஸில் ஐபிவி4 பகுதியில் டிஎன்எஸ்ஸுக்கு எதிரே உள்ள தானியங்கிப் பொத்தானை அணைத்துவிட்டுக் கொடுத்தால்தான் நிலைக்கும்.

கும்பகோணம் திரும்பியபின் டிஎன்எஸ்ஸைத் தானியங்கியாகவே விட்டிருக்கிறேன். மே மாதம் விழுந்த சர்வர் மறுநாளே எழுந்துவிட்டிருந்தது. அதன் பிறகும் நான் ஏழு மாதம் கையால் போட்ட எண்ணோடு இருந்ததற்கு மறதியைத் தவிர வேறு காரணமில்லை. இப்போது கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறேன். ஈதர்நெட், வைஃபை இரண்டுக்கும் தனித்தனியாக ஐபிவி4, ஐபிவி6 என்று நான்கு கட்டங்கள். மாற்றினால் தேதி, பழைய நிலை, புதிய எண், காரணம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுகிறேன். சென்ற மாதம் ஒருநாள் மாலை மீண்டும் பெயர்கள் நின்றபோது எண்களை மாற்றி எழுதினேன். மறுநாள் காலை தானியங்கிக்குத் திரும்பி, அதன் கீழே அந்தத் தேதியையும் குறித்தேன்.